கைகளை மடியில் வைத்துக்கொண்டு

அந்த அம்மாவுக்கு 74 வயது. விரலில் மாட்டிப் பார்க்கும் சின்ன ஆக்சிமீட்டரை அவர் கையில் கொடுத்து, "டாக்டர் காலையும் சாயங்காலமும் ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருக்காருன்னு வெச்சுக்கோங்கம்மா. வீட்ல தனியா இருக்கறப்ப எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே பாருங்க" என்று சொல்லிவிட்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். கருவியின் வாயைத் திறந்தார். விரலை நுழைத்தார். பட்டனை அழுத்தினார். சிவப்பு எண்கள் எரிந்தன. நான் இருந்த பக்கத்திலிருந்து மேலே 98, கீழே 68. ஆக்சிஜன் 98, நாடித்துடிப்பு 68. அருமையான அளவு.

அவர் தாளில் 89 என்று எழுதினார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. மறுபடி விரலைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே 86 என்று எழுதினார். பிறகு முதுகை நிமிர்த்தி, மூச்சை நீளமாக இழுத்து விட்டார். இன்னொரு முறை இழுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குப் புரியச் சில விநாடிகள் ஆயின. அவர் கையை வைத்திருந்த விதத்தில் எண்கள் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தன. கால்குலேட்டரில் வருவது போன்ற கட்ட எழுத்து எண்களில் 8-ஐத் திருப்பினாலும் 8. 9-ஐத் திருப்பினால் 6. ஆகவே 98-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 86. 68-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 89. மேலே இருந்தது கீழே போய்விடும், கீழே இருந்தது மேலே வந்துவிடும். எது ஆக்சிஜன், எது நாடி என்று சொல்லும் எழுத்துகள் ஓரத்தில் பொடிப்பொடியாக இருந்தன. அவற்றை அவரால் நேராக வைத்தாலும் படித்திருக்க முடியாது. 90-க்குக் கீழே போனால் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். கண் எதிரே இரண்டு எண்கள். எதை எடுத்தாலும் 90-க்குக் கீழே.

சோதனையை அங்கேயே நிறுத்தினேன். கருவியைத் திருப்பிக் காட்டி, "உங்க ஆக்சிஜன் 98 ம்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவர் முகம் தெளிந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அடுத்து அவர் சொன்னதை அதைவிட மறக்க முடியவில்லை. "எனக்குத்தான் சரியாப் பார்க்கத் தெரியலை. மன்னிச்சுக்கோ."

ஆரோக்கியமானவர்களுக்கு ஆக்சிஜன் பொதுவாக 95 முதல் 100-க்குள் இருக்கும். அந்த எண்களை அன்று இரவு ஒவ்வொன்றாகத் தாளில் எழுதித் திருப்பிப் பார்த்தேன். 95 தலைகீழானால் 56. 99 தலைகீழானால் 66. 96 எப்படித் திருப்பினாலும் 96. 97-உம் 100-உம் மட்டும்தான் தங்களைக் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் 7-ஐத் திருப்பினால் ஆங்கில எல் எழுத்து போல ஆகிவிடும், 100-ஐத் திருப்பினால் 001 ஆகிவிடும். 95, 98, 99 மூன்றும் நம்மை ஏமாற்றும். நல்லா இருப்பவர் பயந்துபோவதோடு இது முடிவதில்லை. ஆக்சிஜன் உண்மையிலேயே 86-க்கு இறங்கிவிட்ட ஒருவர், அதைத் தலைகீழாகப் பார்த்து 98 என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப எண்ணைத் திருப்பிக்கொள்ளும் ஆக்சிமீட்டர்கள் சந்தையில் இருக்கின்றன. நாங்கள் சோதித்தது அந்த வகை இல்லை.

முதியவர்களுக்கான மருத்துவக் கருவிகளையும் செயலிகளையும் அவர்களை வைத்தே சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. பயன்பாட்டுச் சோதனை என்பார்கள். வேலை என்னவென்று கேட்டால் எளிதாகச் சொல்லிவிடலாம்: ஒருவரிடம் கருவியைக் கொடுத்து ஒரு காரியத்தைச் செய்யச் சொல்வது, உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது, எங்கே தடுக்கியது என்று குறித்துக்கொள்வது. செய்யச் சொன்னதைச் சரியாகச் செய்து முடித்தாரா, அதற்கு எவ்வளவு பாடுபட்டார், அவருக்குத் திருப்தியா: பயன்பாடு என்பதை ஐஎஸ்ஓ 9241-11 தரநிலை இந்த மூன்றாகத்தான் பிரிக்கிறது. கேட்க எளிது. அந்த "உதவி செய்யாமல்" என்ற இடத்தில்தான் எல்லாக் கஷ்டமும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விதி. கைகளை மடியில் வைத்துக்கொள்.

இளைஞர்களை வைத்துச் சோதிக்கும்போது இந்த விதி அவ்வளவு பாரமாக இருக்காது. செயலி ஒத்துழைக்கவில்லை என்றால் அவர்கள் செயலியைத் திட்டுவார்கள். "என்னங்க இது, பட்டன் எங்க இருக்குன்னே தெரியலை" என்று சத்தமாகச் சொல்வார்கள். குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம். வயதானவர்கள் பெரும்பாலும் தங்களைத்தான் திட்டிக்கொள்கிறார்கள். "வயசாயிடுச்சு பாரு." "என் பேரன் இருந்தா ஒரு நிமிஷத்துல பண்ணிடுவான்." "எனக்கு இந்த மெஷினெல்லாம் வராதுப்பா." இந்த வாக்கியங்களைத் தனி நிறத்தில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. பிறகு வீடியோவை ஓடவிட்டு, அந்த வாக்கியத்துக்கு முந்தைய பத்து விநாடிகளைப் பார்ப்பேன். ஏதாவது ஒரு கோளாறு அங்கே இருக்கும். வெளிர் சாம்பல் எழுத்து. அழுத்தியும் எந்தச் சலனமும் காட்டாத பட்டன். படித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்ட செய்தி. அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டதால் கருவி தப்பித்துவிட்டது.

அந்த ஆக்சிமீட்டர் அறிக்கையை வடிவமைப்புக் குழுவுக்கு அனுப்பியபோது, திரும்பி வந்த அட்டவணையில் அந்தச் சம்பவத்துக்கு எதிரே "பயனர் பிழை" என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் பழக்கம். மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுக்கென்றே இருக்கும் ஐஇசி 62366 தரநிலை அந்தச் சொல்லைத் தவிர்க்கிறது. பயன்படுத்துபவரின் பிழை என்று அது சொல்வதில்லை, பயன்பாட்டுப் பிழை என்கிறது. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பிழையை மனுஷர் பெயரில் எழுதினால் அடுத்து வரும் தீர்வு "பயிற்சி கொடுக்கலாம்", "கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம்" என்று போகும். பிழையைப் பயன்பாட்டின் பெயரில் எழுதினால், எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போடலாமா என்ற கேள்வி வரும். அந்தக் கோட்டுக்காக நான் மூன்று கூட்டங்களில் உட்கார்ந்தேன். கடைசியில் வந்தது.

திருப்தியை அளக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சோதனை முடிந்ததும் ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். உலகம் முழுவதும் அதிகம் புழங்குவது எஸ்யுஎஸ். ஜான் புரூக் என்பவர் 1986-இல் உருவாக்கியது. மொத்தம் 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். ஒற்றைப்படை வாக்கியங்கள் கருவியைப் புகழும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். கணக்குப் போட்டால் 0 முதல் 100-க்குள் ஒரு மதிப்பெண் வரும். பல ஆய்வுகளின் சராசரி 68. அதற்கு மேலே போனால் நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு ஐயா வந்திருந்தார், 80-ஐ நெருங்கும் வயது. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் செயலி. ஐந்து காரியங்கள் கொடுத்தேன். ஒன்றை மட்டும்தான் தானாக முடித்தார். மாத்திரையின் அளவை மாற்றச் சொன்ன இடத்தில், பழையதை அழிக்காமல் புதியதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார். அதே மாத்திரை இரண்டு தரம் பட்டியலில் இருந்தது. நிஜ வாழ்க்கையில் அது இரண்டு தரம் மணியடித்திருக்கும். கேள்வித்தாளில் அவர் கொடுத்தது 85.

அந்த மதிப்பெண்ணை அவர் செயலிக்குப் போடவில்லை. ஒரு மணி நேரம் தன்னோடு உட்கார்ந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, பொறுமையாகப் பேசிய எனக்குப் போட்டார். சின்னப் பிள்ளையின் மனது நோகக்கூடாது என்ற மரியாதை அது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அறிக்கையில் அதை அப்படியே போட்டிருந்தால் ஆபத்து. "முதியவர்கள் இந்தச் செயலியை மிகவும் விரும்பினார்கள், மதிப்பெண் 85" என்று ஒரு வரி போய், அதன் கீழே இரண்டு தரம் மணியடிக்கும் மாத்திரை மறைந்துபோயிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இந்தக் கேள்வித்தாளில் உண்டு. புகழும் வாக்கியமும் குறை சொல்லும் வாக்கியமும் மாறி மாறி வருவதை, களைத்துப்போன ஒருவர் கவனிக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் 4, 4, 4 என்று போட்டுக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் அது எந்த எண்ணாக இருந்தாலும் மதிப்பெண் 50-தான் வரும், கணக்கு அப்படி. அந்த 50-ஐப் பார்த்துவிட்டு "சுமார்" என்று முடிவுகட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 50 எதையுமே சொல்லவில்லை. இப்போதெல்லாம் நான் வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் தனித்தனி அட்டையில் எழுதி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக் கேட்கிறேன். நேரம் இரண்டு மடங்காகிறது. கேள்வி கேட்கிற ஆள் வேறாக இருந்தால் இன்னும் நல்லது. என்னோடு உட்கார்ந்திருந்தவர் என்னிடமே குறை சொல்ல மாட்டார்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்குகிறது, உள்ளே இருக்கும் வில்லை மஞ்சளாகிறது. நீல நிறங்கள் மங்கிப்போகின்றன. காதில் முதலில் போவது உயர்ந்த சுருதிகள், அதாவது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. சின்னக் கருவிகளின் எச்சரிக்கை பீப் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கேட்காதவரிடம் போய்க் கேட்காத ஒலியில் எச்சரிக்கிறோம். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்களிலும் இருக்கிறது. படித்தால் சரிசெய்துவிடலாம்.

புத்தகத்தைப் படித்தும் எனக்கு உறைக்காமல் இருந்தது விரல். ஒரு சோதனையில் ஒரு ஐயா தொடுதிரையில் "சேமி" பட்டனைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார். ஒன்றுமில்லை. நான் மடியில் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தேன். வீடியோவில் பிறகு எண்ணினேன், 11 தடவை. தொடுதிரை விரலின் மின்கடத்துதிறனை நம்பி வேலை செய்கிறது. வயதாக ஆகத் தோலின் ஈரம் குறைகிறது. உலர்ந்து தடித்த விரல்நுனியைத் திரை சில சமயம் விரலாகவே உணர்வதில்லை. எட்டாவது தடவைக்குப் பிறகு அவர் வேகமாகத் தொடுவதை விட்டுவிட்டு, அழுத்திப் பிடிக்க ஆரம்பித்தார். பழைய பட்டன்கள் எல்லாம் அப்படித்தானே, வேலை செய்யவில்லை என்றால் இன்னும் அழுத்த வேண்டும். விரல் அரை விநாடிக்கு மேல் நின்றால் திரைக்கு அது வேறு கட்டளை. ஒரு புது மெனு திறந்தது. அதில் முதலில் இருந்தது "நீக்கு." பத்தாவது தடவை அந்த மெனுவை எப்படியோ மூடினார். பதினொன்றாவது தடவை, மூன்று நாள் சர்க்கரைக் கணக்கு அழிந்துபோனது. "ஐயையோ, என்னமோ பண்ணிட்டேனே" என்றார். அவர் எதுவுமே பண்ணவில்லை. அழிக்கும் முன் "நிச்சயமாகவா?" என்று அந்தச் செயலி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பட்டன் பெரிதாகத்தான் இருந்தது. எழுத்தின் வேறுபாடும் அளவுக்குச் சரி. எந்தச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் அந்தத் திரை தேறியிருக்கும். ஆள் உட்கார்ந்து தொட்டபோதுதான் தெரிந்தது.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது என்ற சண்டை இந்தத் துறையில் ஓயவே ஓயாது. ஐந்து பேர் போதும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அதன் வேர் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கு. ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் சிக்கல்களில் ஏறக்குறைய 85 சதவீதம் அகப்பட்டுவிடும் என்பார்கள். அது ஒரு சிக்கலில் ஒருவர் தடுக்கி விழச் சராசரியாக 31 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. பத்துப் பேரில் ஒருவரை மட்டும் தடுக்கிவிடும் சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரில் அது தலைகாட்ட 41 சதவீதம்தான் வாய்ப்பு. 15 பேர் என்றால் 79. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருத்துவக் கருவியின் இறுதிச் சோதனைக்கு ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது.

முதியவர்கள் விஷயத்தில் அந்த "ஒவ்வொரு வகை" என்பதுதான் கஷ்டமான இடம். 25 வயதுக்காரர்கள் பத்துப் பேரை நிற்கவைத்தால் ஒருவருக்கொருவர் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. 75 வயதுக்காரர்கள் பத்துப் பேர் பத்து உலகம். ஒருவருக்குக் கண்புரை, ஒருவருக்குக் கைநடுக்கம். ஒருவர் ஓய்வுபெற்ற பொறியாளர், மூவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒருவருக்கு மூட்டுவாதத்தால் கட்டைவிரல் மடங்காது. ஒருவர் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த பைஃபோகல் கண்ணாடி போட்டவர், திரையைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துக் கழுத்து வலித்துப் பாதியில் விட்டுவிடுவார். "65-க்கு மேல்" என்று ஒரே கட்டம் போட்டு இவர்களை அடைப்பதை நான் ஒவ்வொரு முறையும் எதிர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஜெயிப்பதில்லை.

அதோடு, சோதனைக்கூடத்துக்கு வந்து சேருகிறவர்கள் யார்? மாடி ஏறத் தெம்பு உள்ளவர்கள், போனில் பேசி நேரம் ஒதுக்கத் தெரிந்தவர்கள், புதுசைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். கருவி யாருக்கு உயிர்நாடியோ அவர் வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர். அதனால் வீட்டுக்குப் போக வேண்டும். செலவு அதிகம் என்பார்கள். போகாமல் விட்டதன் செலவு வேறொருவர் தலையில் விழுகிறது.

வீட்டுக்குப் போனபோதுதான் எங்கள் உதவி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்தது. கூடத்தில் நாங்கள் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, பேட்டரி போட்டு, தேதியும் நேரமும் சரிசெய்து, மேசைமேல் வைத்திருப்போம். "சோதனையின்போது உதவக்கூடாது" என்று கறாராக இருப்போம். உதவி எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஒரு வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியின் தேதி 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்றியபோது திரும்பிப் போனது, பிறகு யாரும் சரிசெய்யவில்லை. மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்தால் காலை எது இரவு எது என்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு வீட்டில் ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறக்கவே இல்லை. அந்த அம்மா அதைப் பல்லால் கடித்துத் திறந்தார். என் அறிக்கைகளில் அதுவரை "டப்பாவைத் திறத்தல்" என்று ஒரு படியே இருந்ததில்லை.

வீட்டில் மகனோ மகளோ பக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் கையை மடியில் வைத்திருக்க மாட்டார்கள். "கொடுங்கம்மா, நான் பண்றேன்" என்று போனை வாங்கி, இரண்டு தட்டில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பாசம்தான். ஒரு வீட்டில் அப்படி நான்கு முறை நடந்தது. ஐந்தாம் முறை அந்த அம்மா முயலவே இல்லை. திரையைப் பார்த்துவிட்டுப் போனைத் தானாகவே மகன் பக்கம் நீட்டினார். முதல் நான்கு முறையில் இரண்டு முறை அவர் விரல் சரியான பட்டனுக்கு மேலேதான் இருந்தது. வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. இன்னும் ஒரு மூன்று விநாடி கிடைத்திருந்தால் அழுத்தியிருப்பார்.

மௌனத்தைப் பற்றி நான் அதிகம் யோசிப்பது இதனால்தான். சோதனையில் ஒருவர் திணறும்போது 20 விநாடி என்பது மிக நீண்ட நேரம். நான் மனதுக்குள் எண்ணுவேன். பெரும்பாலும் 12, 13-இல் ஏதோ நடக்கும், அவரே ஒரு வழி கண்டுபிடிப்பார். எண்ணி முடிந்தும் நடக்கவில்லை என்றால், அவர் கண் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, "இப்ப என்ன தேடறீங்க?" என்று மட்டும் கேட்பேன். பயமோ அவமானமோ முகத்தில் வந்துவிட்டால் எண்ணிக்கை எல்லாம் முடிந்தது. நிறுத்திவிட வேண்டும். அந்த ஆக்சிமீட்டர் அம்மா இரண்டாவது முறை மூச்சை இழுத்தபோது நான் நிறுத்தினேன். முதல் மூச்சிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது இந்தத் துறையின் பழைய முறை. முதியவர்களுக்கு அது பல சமயம் இரட்டைச் சுமை. செய்வதைக் கவனிக்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். பாதியில் எதைச் செய்துகொண்டிருந்தோம் என்பதே விட்டுப்போகும். ரத்த அழுத்தக் கருவியில் இந்த முறை அடிப்படையிலேயே தவறு. அளக்கும்போது பேசினால் அழுத்தம் 10 புள்ளிக்குக்கூட ஏறும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் உயரத்தில் தாங்கிவைத்து, வாய்மூடி இருந்தால்தான் வருகிற எண்ணுக்கு அர்த்தம் உண்டு. "என்ன நினைக்கறீங்கன்னு சொல்லிக்கிட்டே பண்ணுங்க" என்று சொல்லி, நாமே அந்த எண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம். இப்போது முழுவதும் பேசாமல் வீடியோ எடுத்துவிட்டு, பிறகு அவரோடு உட்கார்ந்து அதை ஓடவிட்டுப் பார்க்கிறேன். தன்னைத் திரையில் பார்க்கும்போது பலர் முதல்முறையாகக் கருவியைக் குறை சொல்கிறார்கள். "அட, இங்க பாரு, இந்தப் பட்டையை எந்தப் பக்கம் சுத்தறதுன்னு ஒண்ணுமே போடலையே!" அந்தக் கோபத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

கீழே விழுந்தால் அழுத்தும் அவசர பட்டன்களைப் பற்றித் தனியாகவே ஒருநாள் எழுத வேண்டும். ஒன்று மட்டும். 90 வயதைத் தாண்டியவர்கள் விழுவதைப் பற்றிய ஆய்வொன்று 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர், உதவிக்கு அழைக்கும் வசதி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. மேசையில் உட்காரவைத்து "பட்டனை அழுத்துங்க" என்றால் எல்லோரும் அழுத்துவார்கள். குளியலறைத் தரையில், ராத்திரியில், யாரையும் தொந்தரவு செய்யக்கூடாதே என்று நினைத்துக்கொண்டு கிடப்பவரை எந்தக் கூடத்தில் சோதிப்பது?

இத்தனை வருடம் மற்றவர்களின் அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவோடு உட்காரவில்லை. போன மாதம்தான் உட்கார்ந்தேன். அம்மாவிடம் ரத்த அழுத்தக் கருவி வந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. வாங்கிக் கொடுத்தது நான், ஒரு தடவை போட்டுக் காட்டியதும் நான். "அளவு பார்க்கறியாம்மா?" என்று போனில் கேட்பேன். "பார்க்கறேன்டா கண்ணு" என்பார்.

அலமாரியிலிருந்து கருவியை எடுத்துவந்தார். தொடங்கும் பட்டன்மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. பக்கத்திலிருந்த இரண்டு பட்டன்களை மறைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். கருவியின் அடியில், நான்காக மடித்த ஒரு சீட்டு. அம்மாவின் கையெழுத்து.

1. வயரைச் சொருகு.
2. பட்டையைக் கட்டு. வயர் உள்ளங்கைப் பக்கம்.
3. சிவப்புப் பொட்டை அழுத்து.
4. ஈ என்று வந்தால் விட்டுவிடு. நாளைக்குப் பார்க்கலாம்.

நான்காவது வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். ஈ என்றால் பிழைக் குறியீடு. பட்டை தளர்வாகக் கட்டியிருந்தாலே அது வரும். இறுக்கிக் கட்டி மறுபடி அழுத்தினால் போதும். எத்தனை நாள் ஈ வந்தது, எத்தனை நாள் நாளைக்குத் தள்ளிப்போனது என்று கேட்டேன். "அது எனக்குக் கட்டத் தெரியலை, அவ்வளவுதான்" என்றார் அம்மா.

சீட்டைப் போட்டோ எடுத்தேன். வேலையில் காட்டுவதற்கு என்று சொன்னேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

"இதையா காட்டப்போறே? எழுத்து கோணல்மாணலா இருக்கு. நல்ல பேப்பர்ல வேற எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம்மா. இதுதான் வேணும்."